தினம் பத்துப் பக்கம்: சில வருஷப் பழக்கத்தில் எது நின்றது, எது நிற்கவில்லை

திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துகிறேன். காலையில் வேலைக்கு ஆள் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம், கதை அல்லாத புத்தகம் ஒன்றை எடுத்து உட்காருவது என்று வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஆகப்போகிறது. பொருளாதாரம், மருத்துவம், உளவியல், வரலாறு எதுவாக இருந்தாலும் சரி, உலகத்தைப் பற்றி ஒரு பெரிய விஷயத்தைச் சொல்ல முயற்சி செய்கிற புத்தகமாக இருக்க வேண்டும். இதனால் நிஜமாகவே ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உண்டு, ஆனால் விளம்பரங்களில் சொல்கிற மாதிரி இல்லை.

முதலில் சுருக்கச் செயலிகள். ஒரு புத்தகத்தின் சாரத்தை 15 நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள், படிக்கலாம், காதிலும் கேட்கலாம். நான் ஒரு வருஷச் சந்தா கட்டிப் பயன்படுத்தினேன். எந்தப் புத்தகத்துக்குப் பணம் போடலாம், எதற்கு வேண்டாம் என்று முடிவு செய்ய நல்ல வழி. ஒரே விஷயத்தை 300 பக்கத்துக்கு இழுத்திருக்கிற புத்தகங்களும் நிறைய உண்டு, அதற்கெல்லாம் அந்த 15 நிமிடமே தாராளம். ஆனால் ஒரு வாரம் விடாமல் கேட்டுவிட்டு யோசித்துப் பார்த்தால் புத்தகங்களின் பெயர்தான் ஞாபகத்துக்கு வருகிறது, ஒன்றின் வாதத்தையாவது அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வரவில்லை. சுருக்கத்தில் முடிவு இருக்கும், அந்த முடிவுக்கு ஆசிரியர் எப்படி வந்தார், எதை ஒதுக்கிவிட்டு வந்தார் என்பது இருக்காது. அப்புறம், வருஷம் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் சந்தா தானாகப் புதுப்பித்துப் பணத்தை எடுத்துக்கொண்டது, திரும்பக் கேட்டு மெயில் போட்டதற்குப் பதிலே இல்லை. இந்த மாதிரி எதற்குச் சேர்ந்தாலும் ஆட்டோபேயை முதல் நாளே நிறுத்தி வையுங்கள்.

இப்போது செய்வது ரொம்ப எளிது. பத்துப் பக்கம் படிப்பேன், புத்தகத்தை மூடுவேன், பார்க்காமல் நாலைந்து வரி நோட்டில் எழுதுவேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் மாணவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முன்னால் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள்தான் அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். என் நோட்டும் அதையேதான் சொல்கிறது. எழுத உட்கார்ந்து ஒன்றும் வராத நாளில் அந்தப் பத்துப் பக்கத்தையே மறுநாளும் படிப்பேன், வேகத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

தொழிலில் நேராகக் கைகொடுத்தது அதுல் கவாண்டே. அறுவை சிகிச்சை நிபுணர், 2009இல் வந்த அவருடைய புத்தகம் முழுக்கச் சரிபார்ப்புப் பட்டியலைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனத்துக்காக 19 விஷயங்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தயார் செய்து எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் வைத்துப் பார்த்ததில், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதத்துக்கு இறங்கியது. எனக்கு உடனே தோன்றியது எங்கள் கட்டிங் டேபிள்தான். துணியை ரோலிலிருந்து பிரித்து ரிலாக்ஸ் ஆக விட்டாயிற்றா, ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று, பார்த்தாயிற்றா (வட்டக் கட்டரில் நூறு சதுர சென்டிமீட்டர் வெட்டித் தராசில் வைத்தால் 1.80 கிராம் வர வேண்டும், அப்போதுதான் 180 ஜிஎஸ்எம்), ஷேடு, அதாவது சாய நிறம், லாட் வாரியாகப் பிரித்தாயிற்றா, கையில் இருக்கிற அளவு சார்ட் பையர் கடைசியாக அனுப்பியதுதானா என்று ஒரு தாளில் எழுதி, துணி வெட்டும் மாஸ்டரிடம் கொடுத்தேன். "ஏனுங்க தம்பி, முப்பது வருஷமா துணியத் தொட்டுப் பாத்துத்தான் வெட்டறேன், இதுக்கு ஒரு காயிதமுங்களா?" என்றார். சரி, நீங்களே திருத்திக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் வைத்திருந்து, வேண்டாதது இரண்டை அடித்துவிட்டு, நான் யோசிக்காத ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்: காலர் ரிப் துணியும் பாடித் துணியும் ஒரே ஷேடா என்று பகல் வெளிச்சத்தில் சேர்த்து வைத்துப் பார்ப்பது. இப்போது அது அவருடைய பட்டியல், அவர் பார்க்காமல் யாரும் கத்தி வைக்க முடியாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத்தை முடித்ததும், அது வந்த பிறகு அந்த விஷயம் என்ன ஆயிற்று என்று தேடிப் பார்ப்பது என் பழக்கம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நூறு மருத்துவமனைகளுக்கு மேல் இதே மாதிரிப் பட்டியலைக் கொண்டுவந்து, மரணம் குறிப்பிடும்படி குறையவில்லை என்று 2014இல் ஆய்வு வெளியானது. மேலிருந்து வந்த தாளில் டிக் அடிப்பதற்கும், மாஸ்டர் மாதிரி தன் கையால் திருத்திய தாளைப் பார்த்து வேலை செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். டேனியல் கானமன் விஷயமும் இப்படித்தான். 2002இல் பொருளாதார நோபல் வாங்கியவர், 2011இல் அவர் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் ஒரு அத்தியாயம் நம்பியிருந்த சோதனைகள் மிகச் சிறியவை, அவற்றில் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்துவிட்டேன் என்று 2017இல், எண்பதைத் தாண்டிய வயதில், அவரே பொதுவெளியில் ஒத்துக்கொண்டார். அந்த மனுஷர் மேல் எனக்கு மரியாதை கூடியது அதைப் படித்த பிறகுதான்.

இத்தனை வருஷத்தில் என்னை ரொம்ப நாள் பிடித்து வைத்தது எலினார் ஆஸ்ட்ரம். பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண், 2009இல். பொதுச் சொத்தை ஆளாளுக்கு அள்ளி அழித்துவிடுவார்கள் என்று காரெட் ஹார்டின் என்ற சூழலியலாளர் 1968இல் எழுதியது உலகம் முழுக்கப் பரவியிருந்தது. ஆஸ்ட்ரம் 1990இல் எழுதிய புத்தகத்தில், நூற்றாண்டுக் கணக்காகப் பொதுச் சொத்தைக் காப்பாற்றி வந்த ஊர்களைக் கொண்டுவந்து காட்டுகிறார். சுவிட்சர்லாந்தில் டோர்பெல் என்று ஒரு மலைக் கிராமம். பனிக்காலத்தில் எத்தனை மாட்டுக்கு உன்னால் தீனி போட முடியுமோ அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம் என்று அங்கே 1517இலேயே விதி போட்டிருக்கிறார்கள்.

இதைப் பெருந்துறைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் மாமனாரிடம் சொன்னேன். "தட்டுப்போர் எவ்வளவு இருக்குதோ அதுக்குத்தானுங்க மாடு கட்டோணும், அதுல என்ன இருக்குதுங்க மாப்ள" என்றார் முதலில். மேய்ச்சலுக்கென்றே விட்ட சொந்த நிலமான கொறங்காட்டில் அது சுலபம், நம் காடு, நம் புல், சுற்றிலும் கிளுவை வேலி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே சொன்னார், "ஆனா தண்ணிக்குக் கிளுவ வேலி போட முடியாதுங்களே." ஆஸ்ட்ரம் புத்தகத்தின் மையமே அதுதான். அப்புறம் பேச்சு கீழ்பவானி வாய்க்காலுக்குப் போனது. 200 கிலோமீட்டர் வாய்க்கால், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம், அத்தனைக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் விட முடியாது என்பதால் பாதிப் பாதியாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் யார் யாரைக் கேட்பது, மதகில் யார் காவல், இதெல்லாம் அவருக்கு வாழ்க்கை. விதி போடுகிறவர்களில் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறவனும் இருக்க வேண்டும், தப்புச் செய்தால் தண்டனை சின்னதில் ஆரம்பிக்க வேண்டும் என்று ஆஸ்ட்ரம் சொல்வதை நான் சொல்லச் சொல்ல, எது சரி, எது இங்கே நடக்காது என்று மனுஷர் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

எனக்கு எங்கள் ஊர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு ஞாபகம் வந்தது, வராமல் இருக்குமா? சாயத் தண்ணீர் விவகாரத்தில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களை இந்த ஊரில் தொழில் செய்கிற யாரும் மறக்க முடியாது. ஆஸ்ட்ரம் சொல்கிற வழி நொய்யலுக்கு முன்பே கிடைத்திருந்தால் என்று தோன்றி முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். அங்கே அவர் தெளிவாக எல்லை போட்டிருக்கிறார்: ஒருவருக்கொருவர் கெடுதல் செய்துகொள்ளக்கூடிய பங்காளிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன், வெளியே இருக்கிறவர்களுக்குப் பெரிய கெடுதல் செய்யக்கூடிய நிலைமைகளை இதில் எடுத்துக்கொள்ளவில்லை என்று. நொய்யலில் சாயம் போட்டவர்கள் இங்கே, வயல் கெட்டவர்கள் கீழே ஒரத்துப்பாளையத்தில். அவர்கள் இந்தத் தொழிலின் பங்காளிகளே இல்லை. இந்த ஒரு பத்தி எந்தச் சுருக்கத்திலும் வராது, ஆனால் எனக்கு மொத்தப் புத்தகத்திலும் முக்கியமானது அதுதான், ஏனென்றால் நான் தைக்கிற துணியும் எங்கேயோ சாயம் போட்டுத்தான் வருகிறது.

காதில் கேட்பதைப் பற்றியும் கேட்பார்கள். வரலாறு, வாழ்க்கை வரலாறு கேட்கலாம், நன்றாகவே இருக்கும். வாதம் உள்ள புத்தகம் எனக்கு ஒத்துவரவில்லை, நிறுத்தி யோசிக்க முடிவதில்லை. ஆங்கிலம் சிரமம் என்றால் ஹராரியின் சேப்பியன்ஸ் மாதிரிப் பெரிய புத்தகங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன, எங்கள் சூப்பர்வைசர் அப்படித்தான் படிக்கிறார். வாங்குவதற்கு முன் நாலு பக்கம் நின்று படித்துப் பார்க்க ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வசதி, மொழிபெயர்ப்பு ஓடுகிறதா இல்லையா என்று அந்த நாலு பக்கத்திலேயே தெரிந்துவிடும். சனிக்கிழமை சம்பள நாள், ஷிப்மென்ட் சமயத்தில் ராத்திரி வேலை, அன்றைக்கெல்லாம் நான் படிப்பதில்லை. திங்கட்கிழமை நோட்டைத் திறந்து கடைசியாக எழுதிய வரிகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, விட்ட பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.