முத்துப்பிள்ளைக் கர்ப்பத்துக்குப் பின் அஞ்சலில் நடக்கும் கண்காணிப்பு: சேரிங் கிராஸ் பதிவுச் சேவை

சேரிங் கிராஸ் மருத்துவமனை லண்டனின் சேரிங் கிராஸ் ரயில் நிலையத்துக்கு அருகில் இல்லை. அது ஹேமர்ஸ்மித் பக்கம், ஃபுல்ஹம் பேலஸ் சாலையில் இருக்கிறது. ஆறு மாத காலம் அம்மருத்துவமனையின் கண்காணிப்பில் இருந்தும் நான் அந்தக் கட்டடத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. என் இரத்தமும் சிறுநீரும் மட்டுமே அஞ்சல் வழியாக அங்கே போய்வந்தன. கட்டணம் எதுவும் இல்லாத இச்சேவையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது அதிகமில்லை என்பதால், பயன்படுத்தியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டாவது வாரத்தில் எடுத்த ஸ்கேனில் குழந்தை தெரியவில்லை. நச்சுக்கொடித் திசு இயல்பு மீறி வளர்ந்து, கருப்பை முழுவதும் சிறுசிறு நீர்க்குமிழிகளாகத் திராட்சைக் குலையைப் போல நிறைந்திருந்தது. தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, மருத்துவர் சொன்ன ‘மோலார் பிரெக்னன்சி’ என்ற பெயரை நான் உச்சரித்து முடிப்பதற்குள், “முத்துப்பிள்ளையா?” என்று கேட்டார். அவர் தலைமுறைக்கு அந்தச் சொல் தெரியும். அதற்குப் பின்னால் புற்றுநோய் வரக்கூடும் என்பது தெரியாது. எனக்கும் அன்றுவரை தெரியாது.

ஏன் வரக்கூடும் என்பதை விளங்கிக்கொள்ளாமல் இச்சேவையின் மதிப்பை எடைபோட இயலாது. முத்துப்பிள்ளையில் முழுமையானது, பகுதி என இரண்டு வகைகள் உண்டு. முழுமையான முத்துப்பிள்ளையில், பெரும்பாலும், உட்கருவில் தாயின் குரோமோசோம் ஒன்றுகூட இருப்பதில்லை. உட்கருவை இழந்த முட்டைக்குள் நுழையும் விந்தணு தன் 23 குரோமோசோம்களையும் இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. எண்ணிப் பார்த்தால் 46 என்று கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் அத்தனையும் தந்தை வழி வந்தவை. நம் மரபணுக்களில் சில தாயிடமிருந்து வந்த படியில் (நகலில்) மட்டும் இயங்குகின்றன, வேறு சில தந்தையிடமிருந்து வந்த படியில் மட்டும் இயங்குகின்றன. நச்சுக்கொடியைப் பொறுத்தவரை, பொதுவாக, தந்தை வழிப் படிகள் வளர்ச்சியைத் தூண்டுபவை. தாய் வழிப் படிகள் அதைக் கட்டுக்குள் வைப்பவை. செல் பிரிவதைத் தடுக்கும் பி57 என்ற புரதம் தாய் வழிப் படியிலிருந்தே உருவாகிறது. நச்சுக்கொடியின் செல்கள் இயல்பான கர்ப்பத்திலேயே கருப்பைச் சுவரைத் துளைத்து வேரூன்றும் குணம் கொண்டவை என்பதால், தடுப்பு இல்லாமல் போகும்போது அவை எல்லை மீறி ஊடுருவுவதும், சிலருக்கு நுரையீரல் வரை பரவும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயாக மாறுவதும் நிகழ்கின்றன. முழுமையான வகையில் நூறு பேரில் ஏறத்தாழ 15 பேருக்குப் பின்னர் கீமோதெரபி தேவைப்படுகிறது. தந்தை வழி இரண்டு பங்கும் தாய் வழி ஒரு பங்குமாக 69 குரோமோசோம்கள் கொண்ட பகுதி முத்துப்பிள்ளையில் அந்த எண்ணிக்கை நூற்றில் ஒன்றை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கிறது.

எனவே எந்த வகை என்பதைப் பிழையின்றி முடிவு செய்வதுதான் சேவையின் முதல் வேலை. உள்ளூர் மருத்துவமனை எடுத்த திசுவை சேரிங் கிராஸ் மையத்தின் நோயியல் வல்லுநர்கள் மறுபடியும் பார்க்கிறார்கள். பி57 புரதத்தைக் காட்டும் சாயம் திசுவில் ஏறவில்லை என்றால் முழுமையான வகை, ஏறினால் பகுதி வகையோ வெறும் கருச்சிதைவோ ஆகும். அரிதாக, பெற்றோர் இருவரின் குரோமோசோம்களும் இருந்தும், தாயின் என்.எல்.ஆர்.பி.7 மரபணுக் கோளாற்றால் தாய் வழிப் படிகள் இயங்காமல், ஒரே பெண்ணுக்கு மீண்டும் மீண்டும் முத்துப்பிள்ளை உருவாவது உண்டு. அதற்கும் பி57 சாயம் ஏறாது. மரபணுச் சோதனைதான் அதைப் பிரித்துக் காட்டும்.

அதன்பின் நடப்பதெல்லாம் எச்.சி.ஜி. என்ற ஒரே ஓர் எண்ணைத் துரத்துவதுதான். கர்ப்பச் சோதனைப் பட்டையில் கோடு காட்டும் அதே ஹார்மோன், எஞ்சிய செல்கள் எங்கே ஒளிந்திருந்தாலும் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். அஞ்சலில் ஒரு பெட்டி வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடும்ப மருத்துவரிடம் இரத்தம் எடுத்து, சிறுநீர்க் குப்பியோடு வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டும் எதற்கு என்று செவிலியரிடம் கேட்டேன். சிலருடைய இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் சோதனையை ஏமாற்றி, இல்லாத ஹார்மோனை இருப்பதாகக் காட்டும் என்றும், அந்த எதிர்ப்பொருள்கள் சிறுநீருக்கு வருவதில்லை என்பதால் இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை தெரியும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். இச்சேவையில் என்னை மிகவும் கவர்ந்தது அந்தப் பொறுமைதான்.

என் கணக்கு இது: கருப்பையைச் சுத்தம் செய்த 26ஆம் நாளில் 1,310, 40ஆம் நாளில் 74, 54ஆம் நாளில் இயல்பு எல்லைக்குள். முழுமையான வகையில் 56 நாள்களுக்குள் இயல்புக்கு வந்துவிட்டால், சுத்தம் செய்த நாளிலிருந்து ஆறு மாதத்தோடு கண்காணிப்பு முடியும். தாண்டிவிட்டால் இயல்பான நாளிலிருந்துதான் ஆறு மாதம் தொடங்கும். இரண்டு நாள் இடைவெளியில் நான் தப்பினேன். இயல்பான பிறகு மாதம் ஒருமுறை அனுப்பினால் போதும்.

எண் மறைந்த பின்னும் ஏன் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற சலிப்பு எனக்கும் வந்தது. அதற்கான விடை 1950களின் அமெரிக்காவில் இருக்கிறது. தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் பணியாற்றிய மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தால் கோரியோகார்சினோமாவைக் குணப்படுத்த முடியும் என்பதை 1956இல் வெளியிட்டனர். கட்டி கண்ணுக்கு மறைந்த பிறகும், ஹார்மோன் அடியோடு மறையும் வரை மருந்தை நிறுத்தக் கூடாது என்று லீ பிடிவாதமாக இருந்தார். அதற்காகவே பணியை இழந்தார். 1972இல் இருவரும் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டனர். அடுத்த ஆண்டே, 1973இல், பிரிட்டன் முழுவதற்குமான பதிவுத் திட்டம் தொடங்கியது; அதன் பின்னணியில் இருந்தவர் சேரிங் கிராஸின் கென்னத் பாக்‌ஷா. இன்று லண்டன், ஷெஃபீல்ட், டண்டி ஆகிய மூன்று மையங்கள் இந்நாட்டுப் பெண்களைப் பங்கிட்டுக் கண்காணிக்கின்றன. மருந்து தேவைப்படும் நிலையிலும் குணமடைவோர் விகிதம் ஏறத்தாழ நூறு விழுக்காடு என்பது, நோய் அவ்வளவு சிறியதாக இருக்கும்போதே எண் அதைப் பிடித்துவிடுவதால்தான்.

இச்சேவை கேட்கும் விலை பணமல்ல, காலம். கண்காணிப்பு முடியும் வரை கருத்தரிக்கக் கூடாது; புதிய கர்ப்பமும் அதே ஹார்மோனைச் சுரக்கும் என்பதால் நோயின் எண்ணும் குழந்தையின் எண்ணும் ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடும். முப்பத்தெட்டு வயதில் ஆறு மாதம் என்பது சிறிய விலையன்று. அடுத்த கர்ப்பமும் இப்படியே ஆவது நூற்றில் ஒருவருக்கு மட்டுமே என்பது அந்தக் காத்திருப்பைச் சற்று இலகுவாக்கியது.

குறை என்று நான் சொல்வது மையத்தைப் பற்றியதன்று. அதற்குப் போகும் வழியைப் பற்றியது. உள்ளூர் மருத்துவர் பதிவு செய்தால் மட்டுமே மையத்துக்கு நாம் இருப்பதே தெரியும். எனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனையின் கடிதத்தில் ‘கருச்சிதைவு’ என்று மட்டுமே இருந்தது; திசு முடிவு வந்த பிறகும் யாரும் அழைக்கவில்லை. மூன்று முறை தொலைபேசியில் கேட்டபின்தான் பதிவு நடந்தது. கேட்கத் தெரியாத, ஆங்கிலத்தில் வாதிடத் தயங்கும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பெட்டி வராமலே போயிருக்கலாம். திசு முடிவு வரும் நாளிலேயே அதன் படியும் பதிவு எண்ணும் நோயாளியின் கைக்கு நேரடியாக வர வேண்டும். அதுவரை, ‘முத்துப்பிள்ளையாக இருக்கலாம்’ என்று ஸ்கேன் அறையில் யாரேனும் சொல்லக் கேட்டவர்கள், திசு முடிவு என்ன, எந்த மையத்தில் எந்தத் தேதியில் பதிவு செய்தீர்கள் என்று மருத்துவமனையிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.