பின்காலைப் பிடிப்பது கழுந்தா, முளையா? பழைய பாணிக் கதிரைக்கு ஓர் அலசல்

மட்டக்களப்பில் பழைய வீட்டு விறாந்தைகளில் இன்னும் கிடக்கிற பிரம்புக் கதிரை ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். சட்டமும் காலும் சேரும் இடத்தில் பென்சில் தடிப்பில் ஒரு வட்டம் தெரியும். அது மரஆணியின் தலை. கதிரை, மேசை, அலமாரி என்ற சொற்களைப் போர்த்துக்கேய மொழி தந்தது. தச்சுவேலையில் பேரெடுத்த, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இந்த ஊரில் இருந்தன. அந்தப் பாணியில் புதிதாக ஒரு கதிரை செய்ய நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது பொருத்தைத்தான்.

கதிரையின் உயிர் பின்காலில் இருக்கிறது. நாம் சாயும்போது முழுப் பாரமும் பக்கச் சட்டம் பின்காலைச் சந்திக்கும் மூலையை நெம்புகிறது. மாரியில் ஈரம் குடித்து ஊதிய மரம், கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுருங்குகிறது. இந்த இரண்டையும் பொருத்து தாங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

இப்போது அதிகம் காண்பது உருளை முளை, அதாவது உருண்டையான சிறு மரக்குச்சி. இரண்டு பக்கமும் துளையிட்டு, கம் தடவி, முளையைத் தட்டி இறக்கினால் வேலை முடிந்தது. என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக் கதிரைகள் அப்படிச் செய்தவைதான். மூன்றாவது கச்சானில் ஒன்று ஆடத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தேன், முளையில் கம் அப்படியே இருந்தது, துளைச் சுவரில்தான் பிடிப்பு விட்டிருந்தது. காரணம் எளிது. மரம் நார் ஓடும் திசையில் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம், குறுக்கேதான் சுருங்கும். முளையின் நாரும் காலின் நாரும் குறுக்காக நிற்பதால், வட்டமாக இருந்த இரண்டும் வெவ்வேறு பக்கம் நீள்வட்டமாகிவிடுகின்றன.

பொளியும் கழுந்தும் வேறு மாதிரி. சட்டத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்கி (அதுதான் கழுந்து), காலில் குடைந்த குழியில், அதாவது பொளியில், இறக்குகிறோம். ஒரு அங்குலச் சட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு தடிப்பும் ஒன்றேகால் அங்குல நீளமும் நல்ல அளவு. அகன்ற இரு முகங்களும் பொளிச் சுவரோடு ஒட்டி நிற்பதால் நெம்பலைத் தாங்கும். மரஆணியையும் சேர்த்தால் இதற்கு இணை இல்லை என்பேன். காலில் முதலில் ஆணித் துளையைப் போட்டு, கழுந்தில் அதே துளையைத் தோள் பக்கமாக (கழுந்து சட்டத்தோடு சேரும் பக்கம்) ஒன்றரை மில்லிமீற்றர் தள்ளிப் போட வேண்டும். ஆணி இறங்க இறங்கச் சட்டத்தை அதுவே காலோடு இழுத்து இறுக்கும். கம் கைவிட்டாலும் ஆணி கைவிடாது. எண்ணெய்ப்பசை உள்ள தேக்கில் கம் சரியாகப் பிடிக்காது என்பதால் அங்கே இது பெரிய ஆறுதல். முதிரையில் மட்டும் கவனம்: இறுகிய மரம், துளையை அளவுக்கு மிஞ்சித் தள்ளினால் கழுந்தின் நுனி வெடித்துவிடும். ஆணியை வாளால் அறுக்காமல் நார்வாக்கில் பிளந்து செதுக்குங்கள்.

கஷ்டம் ஒன்று உண்டு. பழைய பாணிக் கதிரை பின்னால் ஒடுங்கி இருப்பதால் பக்கச் சட்டம் சரிவாக வரும். சரிவுக்கேற்பக் கழுந்தை வெட்டினால் நார் குறுக்கே அறுபட்டுப் பலம் குறையும். பொளியைச் சரிவாகக் குடைவதோ கைப்பழக்கம் கேட்கும். இந்த இடத்தில் தனி நாக்கு உதவும். இரண்டு மரத்திலும் பொளி குடைந்து, நடுவே தனியாகச் செய்த நாக்கை வைப்பது. மரம் குடையும் ரவுட்டர் மெஷின் இருந்தால் விரைவான வேலை, பலமும் கழுந்துக்கு அருகில் வரும். ஆனால் கம்மை நம்பித்தான் நிற்கும். நான் செய்தால் இரண்டு பக்கமும் மரஆணி போடுவேன்.

ஸ்குரூவை, சட்டங்கள் சேரும் மூலைகளின் உட்புறம் வைக்கும் மூலைக் கட்டைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். இங்கே கல்லடிப் பக்கம் வீசும் கடற்காற்றில் இரும்பு துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும்.

முளையை முற்றாக ஒதுக்கவும் தேவையில்லை. முதுகின் வளைந்த மேற்சட்டத்துக்கு அது போதும். பின்காலில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், பிரம்பு பின்னுவதென்றால் அந்தத் துளைகளின் கோட்டைப் பொளி குடையும் முன்பே சட்டத்தில் கீறிவிடுங்கள். கழுந்தை அந்தக் கோட்டுக்கு வெளியே தள்ளி வெட்டுங்கள். இல்லாவிட்டால், பாடுபட்டுச் செய்த கழுந்தைப் பிரம்புக்குப் போடும் துளையே ஓட்டையாக்கிவிடும்.