சுங்குடி விற்க எந்த ஆப் கைகொடுத்தது? பல வருட அனுபவம்

மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிப் புடவை விற்கிறேன். தனியாகக் கடை கிடையாது, போன்தான் கடை. ஃபேஸ்புக் பேஜில் ஆரம்பித்து இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பிசினஸ், யூடியூப் என்று எல்லாவற்றையும் வருடக்கணக்காகத் தினமும் பயன்படுத்தி வருகிறேன். புதிதாக நகையோ மசாலாப் பொடியோ விற்கத் தொடங்கும் பெண்கள் அடிக்கடி கேட்பது, "எதுலக்கா ஆரம்பிக்கிறது?" என்பதுதான். எதில் வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள் என்பேன். ஆனால் வாங்குகிறவரின் நம்பர் முதல் ஆர்டரிலேயே உங்கள் போனில் பதிவாகிவிட வேண்டும். ஃபாலோயர் எண்ணிக்கை அந்த ஆப்பின் சொத்து. நம்பர் மட்டும்தான் நம்முடையது. ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்பது கீழே வருகிறது.

ஃபேஸ்புக்கிலிருந்து தொடங்குகிறேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வழியே திறந்தது. அதுவரை ஒரு ஜிபி டேட்டாவை மாதம் முழுக்க இழுத்துப் பிடித்து ஓட்டிய வீடுகளில், மதியச் சாப்பாடு முடிந்ததும் சாவகாசமாக வீடியோ பார்க்கும் பழக்கம் வந்தது. புடவைப் படம் போட்டால் கீழே "விலை?" என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். பிறகு 2018 ஜனவரியில் அந்த நிறுவனமே அறிவித்தது: நியூஸ் ஃபீடில் இனி நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்குத்தான் முன்னுரிமை, பேஜ்களின் ரீச், அதாவது பதிவு போய்ச் சேரும் ஆட்களின் எண்ணிக்கை, குறையலாம். உலகம் முழுக்கச் சிறு வியாபாரிகள் எல்லாருக்கும் அது பொருந்தியது. ஆனாலும் நான் பேஜை மூடவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய என் வாடிக்கையாளர்கள் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நிதானமாகக் கேட்பார்கள், யோசித்து வாங்குவார்கள், வாங்கியதைத் திருப்பி அனுப்புவது அபூர்வம்.

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. எனக்கு அங்கே கணக்கு இருந்ததில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் கவரிங் நகை விற்பவர், அங்கே நல்ல கூட்டம் சேர்த்து வைத்திருந்தார். ஒரே ராத்திரியில் எல்லாம் போயிற்று. "ஒருத்தர் நம்பர்கூட எடுத்து வைக்கலையேக்கா" என்று அவர் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பொருளிலும் உழைப்பிலும் ஒரு குறையும் இல்லை. வாங்கியவர்களை மறுபடி கூப்பிட வழிதான் இல்லாமல் போயிற்று.

அடுத்த சில வாரங்களிலேயே இன்ஸ்டாகிராமின் குறு வீடியோவான ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டது, செப்டம்பரில் அதேபோல யூடியூப் ஷார்ட்ஸ். ரீல்ஸ் ஆரம்பத்தில் 15 விநாடிதான். படிப்படியாக நீண்டு 2025 ஜனவரியில் 3 நிமிடம் ஆயிற்று. இடையில் 2021 ஜூன் கடைசியில், இன்ஸ்டாகிராம் இனி படம் பகிரும் ஆப் மட்டுமல்ல என்று அதன் தலைவர் ஆடம் மொசேரி வெளிப்படையாகச் சொன்னார். அதுவரை புடவையை மடித்து, பக்கத்தில் மல்லிகைப்பூ வைத்து அழகாகப் படம் எடுத்தவர்கள் எல்லாரும் வீடியோ கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. சுங்குடியைப் பொறுத்தவரை அது நல்லதாகப் போயிற்று என்றே சொல்வேன், ஏனென்றால் கைமுடிச்சுச் சுங்குடியின் மதிப்பு படத்தில் தெரியாது.

இன்று சுங்குடி என்று விற்பவற்றில் பெரும்பங்கு அச்சுப் போட்டவை. மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் பழைய முறையைச் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒரு புடவையில் ஆயிரக்கணக்கான முடிச்சு, அத்தனையும் விரலால் போடுவது. படத்தில் பார்த்தால் அச்சுப் புள்ளியும் முடிச்சுப் புள்ளியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்புறம் விலையைப் பார்த்தவுடன் "இதே டிசைன் அங்க கம்மியா கிடைக்குதே சிஸ்" என்று கேட்கத்தானே செய்வார்கள்?

அதற்குப் பதில் சொன்னது ஒரு வீடியோ. சாயம் தோய்த்துக் காய்ந்த துணி, முடிச்சுகளோடு சுருங்கிக் கையகலத்துக்குக் கிடக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் அவிழ்ந்து, ஓரம் லேசாகக் கசிந்த வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக வெளியே வரும். இஸ்திரி போடும்வரை ஒவ்வொரு புள்ளியும் சின்னதாகப் புடைத்து நிற்கும். எனக்கு முடிச்சுப் போட்டுத் தரும் பெரியம்மாவின் விரல்களையும் அந்த அவிழ்ப்பையும் சேர்த்துப் போட்ட பிறகு, விலை கேட்டுத் தயங்குபவர்கள் குறைந்தார்கள். "கையாலயா போடுறீங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஒரு ரீலை எத்தனை பேருக்குக் காட்டுவது என்று இன்ஸ்டாகிராம் முடிவு செய்வதில் பார்க்கும் நேரம், லைக், இன்னொருவருக்கு அனுப்புவது இந்த மூன்றும்தான் முக்கியம் என்று மொசேரி 2025-ல் சொன்னார். என் அனுபவத்தில் ஆர்டராக மாறுவது மூன்றாவதுதான். மகள் சென்னையிலிருந்து "அம்மா, இது உனக்கு" என்று ரீலை அனுப்புவாள், அம்மா எனக்குப் போன் செய்வார். அதனால் எந்த ரீலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட எத்தனை முறை அனுப்பப்பட்டது என்பதையே இன்சைட்ஸ் என்ற புள்ளிவிவரப் பக்கத்தில் முதலில் பார்க்கிறேன். பாட்டு விஷயமும் சொல்ல வேண்டும். பிசினஸ் கணக்குக்கு உரிமம் காரணமாகச் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் கிடைக்காது. அதற்காக யாரும் வருந்த வேண்டாம். சொந்தக் குரலில் பேசுங்கள். நம் ஊர்ப் பேச்சைக் கேட்டுத்தான் வெளியூரில் இருப்பவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

நிறத்தில்தான் நம்பிக்கை நிற்கும் அல்லது போகும். போன் கேமரா தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்வதால் அரக்கு சிவப்பாகும், மாம்பழ மஞ்சள் வெளிறும், மயில்கழுத்து நிறம் வெறும் நீலமாகத் தெரியும். நான் செய்வது இதுதான்: ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத ஜன்னலோரம் காலை வெளிச்சத்தில் எடுப்பேன். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். திரையில் புடவைமேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியை லாக் செய்துவிட்டுத்தான் ரெக்கார்ட் பொத்தானைத் தொடுவேன். ஃபில்டர் எதுவும் போடுவதில்லை. பிறகும் சந்தேகம் இருந்தால், "நேர்ல இதைவிடக் கொஞ்சம் அடர்த்தியா இருக்கும்" என்று வாயாலேயே சொல்லிவிடுவேன். அந்த ஒரு வரியால் திரும்பி வரும் பார்சல்கள் குறையும்.

இப்போது ஏஐ படம் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. புடவையை மட்டும் படமெடுத்துக் கொடுத்தால் போதும், மாடல் ஒருத்தி கட்டியிருப்பதுபோல் படம் வந்துவிடும். ஒரு செயலியில் எங்கள் கைமுடிச்சுப் புடவையைக் கொடுத்துப் பார்த்தேன். ஏறுக்குமாறாக இருந்த புள்ளிகளை எல்லாம் அது சம அளவில், சம இடைவெளியில் திருத்திவிட்டது. கையால் செய்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த ஏறுக்குமாறுதான், அதையே அழித்துவிட்டது. கைத்தறி, கைவேலை விற்பவர்கள் தயவுசெய்து இதைத் தொடாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது படமும் புடவையும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வர மாட்டார். அவர் சொல்லக் கேட்டவர்களும் வர மாட்டார்கள்.

வாட்ஸ்அப் பிசினஸுக்கு வருகிறேன். வியாபாரிகளுக்கென்று 2018-ல் வந்த ஆப், 2019 கடைசியில் பொருள்களைப் படத்தோடு அடுக்கிக் காட்டும் கேட்டலாக் வசதி சேர்ந்தது. நான் பயன்படுத்தியவற்றில் முழு மனதோடு சிபாரிசு செய்வது இதைத்தான். இதில் கண்ணைக் கவரும் வசதி எதுவும் இல்லை, ஆனால் வியாபாரம் நடப்பது இங்கேதான். வாடிக்கையாளர்களைப் பிரித்து வைக்க உதவும் லேபிளைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்: பணம் வர வேண்டியது, பணம் வந்தது, பார்சல் போனது. நான் கூடுதலாக நிறத்தின் பெயரிலும் லேபிள் வைத்திருக்கிறேன். யாருக்குக் கிளிப்பச்சை பிடிக்கும் என்பது தெரிந்தால், சாயத்தொட்டியிலிருந்து கிளிப்பச்சை வந்த அன்று அவர்களுக்கு மட்டும் சொல்லலாம். "உங்க நெனப்பு வந்துச்சு, அதான் முதல்ல உங்களுக்கு அனுப்புறேன்" என்று எழுதினால், அது உண்மையாகவும் இருந்தால், பத்தில் பாதிப் பேராவது பதில் போடுவார்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரு விதி உண்டு: ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதுவும் உங்கள் நம்பரை அவர்கள் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு பார்சலிலும் "இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டு வைக்கிறேன்.

லைவ் விற்பனையையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் லைவ் எங்கே ஓடினாலும் புக்கிங் முடிவது வாட்ஸ்அப்பில்தான். புடவையை விரித்து, பார்டர், முந்தானை, ப்ளவுஸ் துண்டு என்று காட்டி, நம்பர் சொல்லி, "ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிடுங்க" என்றால் முதலில் வருபவருக்கு அது போகும். மற்றவர்களிடம் "சோல்ட் அவுட்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். அடுத்த தடவை அந்த நிறம் எப்போது வரும் என்றும் சொல்லுங்கள். பழுது என்று சொன்னால் அதற்குச் சாட்சியாகப் பார்சல் பிரிக்கும் வீடியோ கட்டாயம் என்று எல்லாரும் நிபந்தனை போடுகிறார்கள், நானும் கேட்கிறேன். ஆனால் வயதானவர்களிடம் கேட்பதில்லை. பழுது என்று அவர்கள் சொன்னால் மாற்றித் தருகிறேன்.

2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து பல மணிநேரம் முடங்கியது பலருக்கு நினைவிருக்கும். மூன்றும் ஒரே நிறுவனத்துடையவை. அன்று லைவ் வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! அதற்குப் பிறகு என் வாடிக்கையாளர் பட்டியல் ஒரு நோட்டில் கையாலும் எழுதப்படுகிறது: பெயர், ஊர், நம்பர், பிடித்த நிறம்.

விளம்பரம் பற்றிச் சுருக்கமாக. காசு கட்டி ரீலைப் பலருக்குக் காட்ட அதன் கீழே இருக்கும் பூஸ்ட் பொத்தானைவிட, அதே நிறுவனத்தின் விளம்பரத் தளமான ஆட்ஸ் மேனேஜரில் போய், அழுத்தினால் நேராக வாட்ஸ்அப்புக்கு வரும் விளம்பரத்தைத் தேர்ந்தெடுங்கள். லைக்குக்குக் காசு கொடுப்பதைவிடப் பேச வருபவருக்குக் கொடுப்பது மேல். செலவுக் கணக்கில் 18% ஜிஎஸ்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருத்திப் புடவைக்கு மாசி, பங்குனியில் போடும் விளம்பரம் பலன் தரும், வெயில் ஏற ஏறக் கேட்பார்கள். தீபாவளிக்கு முன் எல்லாப் பட்டுக் கடைகளும் விளம்பரத்தில் இறங்கும்போது நான் ஒதுங்கிவிடுகிறேன். ஃபாலோயர் ஏற்றித் தருகிறோம் என்று போன் செய்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நிறைய ஃபாலோயர் உள்ள இன்ஃப்ளுயன்சர்களோடு சேர்ந்து வீடியோ போடும் கொலாபில் என் நிபந்தனை ஒன்றுதான்: இது விளம்பரம் என்று வீடியோவிலேயே சொல்ல வேண்டும். 2021 ஜூனில் விளம்பரத் தர கவுன்சில் விதி கொண்டுவந்தது, 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் அல்ல. "இது அவங்க அனுப்பின புடவை, ஆனா நான் நாலு தடவை துவைச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்" என்று சொன்ன ஒரு பெண்ணின் வீடியோ கொண்டுவந்த ஆர்டர்களைப் பெரிய கணக்குகள் கொண்டுவந்ததில்லை.

யூடியூப்பின் குணமே வேறு. ரீலின் ஆயுசு சில நாள்தான், யூடியூப்பில் தேடி வருபவர்கள் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருப்பார்கள். சுங்குடியை முதல் தடவை கல்லுப்பு போட்ட தண்ணீரில் தனியாக அலச வேண்டும், நிழலில் காயப்போட வேண்டும் என்று சாதாரணமாகச் சொல்லிய வீடியோ ஒன்று, எங்கோ வாங்கிய புடவையை எப்படித் துவைப்பது என்று தேடுபவர்களை இன்றும் என்னிடம் கொண்டுவந்து விடுகிறது.

பணம் வாங்கும்போது ஒரே எச்சரிக்கை: ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் போடாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் வரவு வந்ததா என்று நீங்களே பாருங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. பணம் அனுப்புகிறேன், பின் போடுங்கள் என்று யார் சொன்னாலும் அது மோசடி.

இப்போது நான் மாற்றிக்கொண்டிருப்பது ஒன்று உண்டு. கைமுடிச்சுப் புடவைக்கு வாரக்கணக்கில் வேலை இருக்கிறது. செய்து வைத்துவிட்டு வாங்க ஆள் தேடினால், முடிச்சுப் போடுபவர்களுக்குக் கூலி தாமதமாகும். அதனால் நோட்டில் இருக்கும் பழைய வாடிக்கையாளர்களுக்கு முதலில் நிறங்களின் துணித் துண்டை வாட்ஸ்அப்பில் காட்டி, பாதிப் பணம் முன்பதிவாக வாங்குகிறேன். அந்தப் பணம் வந்த அன்றே பெரியம்மாவின் கைக்குப் போய்விடுகிறது. பங்குனிக்கான புடவைகள் இப்படித்தான் தயாராகின்றன. அவற்றை அவிழ்க்கும் ரீலை இன்ஸ்டாகிராமில் போடுவது, எல்லாம் விற்று முடிந்த பிறகுதான்.