மிஸ்ஸிங் முதலா, பெல்ட் முதலா? பழைய லாரிக்கு ஓர் அலசல்

களக்காட்டில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் போகிற பழைய லாரிக்கு ஆடி மாதம் பெரிய சோதனை. காவல்கிணறு தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேர் எதிரே வந்து அறையும். நாலு சிலிண்டரும் ஒழுங்காக அடித்தாலே வண்டி மூச்சு வாங்கும். அதில் ஒன்று மிஸ்ஸிங் ஆகி (டீசல் எரியாமல் சும்மா சுற்றி), கூடவே முன்பக்கம் வாட்டர் பம்பையும் மின்சாரம் தரும் டைனமோவையும் சுற்றவைக்கிற பெல்ட்டும் கிரீச்சிட ஆரம்பித்தால் எதை முதலில் கவனிப்பது என்று கை ஓடாது.

20 வயதைக் கடந்த என் டீசல் லாரியில் இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன. ஒரு பட்டறையில், “நாலு நாசிலையும் (சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் முனைகள்) மாற்றிவிட்டு பெல்ட்டையும் புதிதாகப் போட்டுவிடலாம் அண்ணாச்சி” என்றார்கள். இன்னொரு பட்டறையில், “ஒரு ஸ்பேனரும் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும் அண்ணாச்சி, முதலில் எங்கே என்று கண்டுபிடிப்போம்” என்றார்கள். நான் இரண்டாவது வழியின் பக்கம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. அதே கோளாறு திரும்பி வந்தால் பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வரிசையிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: மிஸ்ஸிங்கை முதலில் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் அடிக்காதபோது எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் சீராகச் சுற்றாமல் வெட்டி வெட்டிச் சுற்றும். அந்த உதறல் பெல்ட்டுக்கும் போகும். நல்ல பெல்ட்டே படபடக்கும். மிஸ்ஸிங் தீர்ந்ததும் பாதிச் சத்தம் தானாக அடங்கிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு விலக்கு: சத்தத்தோடு வெப்பமானி முள் ஏறினாலோ பேட்டரி சார்ஜ் விளக்கு எரிந்தாலோ உடனே எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டைத்தான் பார்க்க வேண்டும். பெல்ட் வழுக்கி வாட்டர் பம்ப் சுற்றாவிட்டால் எஞ்சின் சூடேறி, சிலிண்டர்களின் மேல்மூடியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் போகும். பிறகு நிஜமாகவே ஒரு சிலிண்டர் செத்துவிடும்.

இனி மிஸ்ஸிங். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விட்டுக் காது கொடுங்கள். நிமிடத்துக்கு 700 சுற்றில், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை என ஒவ்வொரு சிலிண்டரும் 350 முறை அடிக்கிறது. ஒன்று மட்டும் அடிக்காவிட்டால் தாளத்தில் ஓர் அடி விட்டதுபோல் ஒரே இடைவெளியில் தடுமாறும். அப்படியானால் குற்றவாளி ஒரே சிலிண்டரில் இருக்கிறது: நாசில், டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்), கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது) இவற்றில் ஒன்று. தடுமாற்றம் ஒழுங்கில்லாமல், ஒரு நேரம் நன்றாகவும் ஒரு நேரம் மோசமாகவும் இருந்தால் டீசல் வருகிற வழியைச் சந்தேகிக்க வேண்டும்: குழாயில் காற்று, ஃபில்டர் அடைப்பு, டீசலில் தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் தாமிரபரணி கரை புரண்டபோது தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு இதுதான் முதல் சோதனை. ஃபில்டரின் அடிப்பகுதியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்தால் தண்ணீர் அடியில் தங்கிவிடும். காற்றுதான் என்றால் ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அடிக்க வேண்டும். அடுத்த நாளே மறுபடி காற்று பிடித்தால் வாஷரிலோ ரப்பர் குழாயிலோ கசிவு இருக்கிறது.

ஒரே சிலிண்டர்தான் என்று தெரிந்தால் ஸ்பேனரை எடுக்கலாம். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர் (நாசில் பொருந்திய பாகம்) குழாயின் நட்டாகச் சிறிது தளர்த்தி, உடனே இறுக்க வேண்டும். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை. கண்ணுக்குக் கண்ணாடி, குழாய்மேல் துணி கட்டாயம். அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். அதற்கு ஸ்கேனர்தான் வழி.

பிறகு அந்த இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள், அடியில் புது வாஷரோடு. மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் நாசில் கெட்டிருக்கிறது. மாறாமல் அங்கேயே நின்றால் புது நாசில் வாங்குவது வீண் செலவு. டேப்பெட் இடைவெளி, கம்ப்ரெஷன், அதன் பிறகு டீசல் பம்ப் என்று போக வேண்டும்.

நாசிலைச் சர்வீஸ் செய்வதா, புதிது போடுவதா? ஊசியில் கரி மட்டும் படிந்திருந்தால் சர்வீஸ் போதும். சோதனைக் கருவியில் டீசல் பனிபோல் தெளிக்காமல் சொட்டினால் புதிதுதான். எதுவானாலும் நாலையும் ஒன்றாகச் சோதித்து, ஒரே திறப்பு அழுத்தத்தில் வைப்பது நல்லது.

பெல்ட்டில் மூன்று போட்டிகள்: இறுக்குவது, மாற்றுவது, பேரிங்கைப் பார்ப்பது. ஓடுகிற பெல்ட்டின் உட்பக்கம் சிறிது தண்ணீர் தெளித்தால் விடை வந்துவிடும். சத்தம் நின்று, காய்ந்ததும் திரும்பினால் பெல்ட் பளபளத்துத் தேய்ந்திருக்கிறது, அல்லது புல்லிகள் (பெல்ட் ஓடும் சக்கரங்கள்) நேர்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் தளர்வு. எதுவுமே மாறாமல் உறுமல் தொடர்ந்தால் டைனமோ அல்லது வாட்டர் பம்ப் பேரிங். இதைச் செய்யும்போது கழுத்தில் துண்டு வேண்டாம், வேட்டியை மடித்துக் கட்டுங்கள். ஃபேன் துணியின் நுனியைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும்.

சோப்புக்கட்டி தேய்க்கிற வழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். சத்தம் அடங்கும், வழுக்கல் அடங்காது. அளவு மீறி இறுக்குவது அதைவிடக் கெடுதல். இரண்டு பேரிங்குகளையும் அது தின்றுவிடும். நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் தாழ்ந்தால் சரி. புல்லிப் பள்ளத்தின் அடி பளபளத்தால் பெல்ட் தேய்ந்து அடியைத் தொடுகிறது, மாற்றத்தான் வேண்டும். ஜோடி பெல்ட் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

என் வண்டியில் மூன்றாம் சிலிண்டர் நாசில் ஒன்றுதான் கெட்டிருந்தது. அதைப் போட்டபின் மிஞ்சிய கீச்சொலிக்குப் புது பெல்ட். புது பெல்ட் அரை மணி ஓட்டத்தில் கொஞ்சம் தளரும். நாங்குநேரியில் மாட்டியதை வள்ளியூரில் டீக்கு நிறுத்தியபோது மறுபடி இறுக்கினேன்.