லாப்ஸ்டர் ஃபாண்ட்: ஒன்பது வருடம் உழைக்க விட்ட பிறகு

எங்கள் ஸ்டிக்கர் கடைக்கு வருகிறவர்கள் போனில் ஏதாவது ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி கொழுகொழுன்னு, சேர்த்து எழுதின மாதிரி வேணும்" என்பார்கள். எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் லாப்ஸ்டர்தான்.

அர்ஜென்டினாக்காரர் பாப்லோ இம்பல்லாரி 2010-இல் வெளியிட்ட ஆங்கில எழுத்துரு இது. ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் என்பதால் கடை வேலைக்கும் காசு கிடையாது, கூகுள் ஃபாண்ட்ஸில் இறக்கிக்கொள்ளலாம். அதனாலேயே கண்ட இடமெல்லாம் பரவி, டிசைனர்கள் முகம் சுளிக்கிற நிலைக்கும் வந்துவிட்டது. பேக்கரிக்காரருக்கு அந்தச் சலிப்பெல்லாம் கிடையாது, சரி, நமக்கு மட்டும் எதற்கு?

இதன் அழகே எழுத்துகள் கைகோக்கும் விதத்தில் இருக்கிறது. பலகை எழுதுகிற ஓவியர் அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து முந்தைய எழுத்தின் வாலை வளைப்பார் இல்லையா, அதற்காக இம்பல்லாரி ஒரே எழுத்துக்குச் சில வடிவங்களும், சில ஜோடிகளுக்கு லிகேச்சரும், அதாவது இரண்டு எழுத்தையும் சேர்த்த ஒரே வடிவமும், வரைந்து வைத்திருக்கிறார். "கொஞ்சம் அகலமா இழுங்க" என்று யாராவது கேட்டு, நாமும் எழுத்து இடைவெளியைக் கூட்டினால் போச்சு, இணைப்பு எல்லாம் அறுந்த சங்கிலி மாதிரி தொங்கும். வெப்சைட்டிலும் இதே கதைதான். லெட்டர் ஸ்பேசிங் கொடுத்தால் பிரவுசர் லிகேச்சரை விட்டுவிடும்.

நான் பட்ட அடி வேறு. ஒரு பேக்கரியின் கண்ணாடிக் கதவுக்குச் சிவப்பு வினைல் ஸ்டிக்கரில் பெயர். திரையில் பிரமாதமாக இருந்தது. ஸ்டிக்கரை வெட்டுகிற மெஷினான கட்டிங் பிளாட்டரோ ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகச் சுற்றி வெட்டியதால், ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற இடங்களிலெல்லாம் கீறல். ஒட்டிவிட்டு வந்தேன், சாயங்காலம் உள்ளே லைட் போட்டதும் ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளைக் கோடு. என் செலவில் உரித்து மறுபடி ஒட்டினேன். இப்போதெல்லாம் எழுத்தை கர்வ்ஸ், அதாவது வெறும் கோட்டு வடிவம் ஆக்கி, எல்லாவற்றையும் ஒரே வடிவமாக வெல்ட் செய்து, வெட்டுக் கோடு மட்டும் தெரிகிற அவுட்லைன் வியூவில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பிளாட்டருக்கே அனுப்புகிறேன்.

இருப்பது ஒரே தடிமன். போல்ட் பட்டனை அமுக்கினால் போலித் தடிமன்தான் வரும், a, e மாதிரி எழுத்துகளின் உள்ளே இருக்கிற வெற்றிடம் அடைத்துக்கொள்ளும். விசிட்டிங் கார்டில் முகவரிக்குப் போட்டாலும் அதே அடைப்பு. முழுக்க கேப்பிட்டல் எழுத்தில் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அழைப்புப் பத்திரிகை மாதிரி மெல்லிய வேலைக்கு லாப்ஸ்டர் டூ இருக்கிறது, சாதாரணம், போல்ட், இரண்டுக்கும் சாய்வு என்று நாலு வகையில்.

தமிழ் இதில் கிடையாது. "தமிழ்லயும் இதே மாதிரி" என்று கேட்கிறார்களே என்று தமிழ் எழுத்தை இழுத்துச் சாய்த்தால் தள்ளாடுகிற மாதிரிதான் வரும். கவிவனார் என்கிற தமிழ் ஃபாண்ட் சாய்வாக, கையெழுத்து போல அழகாக இருக்கும், ஆனால் லாப்ஸ்டர் பக்கத்தில் வைத்தால் தூரத்துக்கு மெலிந்துவிடும். நான் பலூ தம்பி என்கிற தமிழ் ஃபாண்டைத் தடிமனாகக் கீழே வைக்கிறேன், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பொருந்தும்.

போன வாரம் ஒரு ஜூஸ் கடைக்காரர் போன் நம்பரும் இதிலேயே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பேப்பரில் பிரிண்ட் எடுத்து எதிர்ச்சுவரில் ஒட்டி, "ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு படிங்க அண்ணே" என்றேன். போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், "பேரு மட்டும் இதுல இருக்கட்டும் தம்பி" என்றார்.