அடியா, நாற்காலியா? குழந்தைக் கண்டிப்பு ஆய்வுகளின் இரு தரப்புகள்

குழந்தையை அடிக்கலாமா என்ற விவாதத்தில் அடியை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை நாம் பெரும்பாலும் சொல்லாமலேயே விட்டுவிடுகிறோம். அடிக்கும் வீடுகளையும் அடிக்காத வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு வகை. சொல் பேச்சு கேட்காத ஒரே மாதிரியான குழந்தைகளிடம் அடியையும் வேறொரு கண்டிப்பு முறையையும் பயன்படுத்திப் பார்ப்பது இன்னொரு வகை. அமெரிக்க உளவியலாளர்களிடையே பல பத்தாண்டுகளாக ஓயாமல் நடக்கும் சண்டையில் ஒரு தரப்பு முதல் கேள்விக்கும் மறு தரப்பு இரண்டாம் கேள்விக்கும் விடை சொல்லிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அது முடிவுக்கு வரவில்லை என்பது என் கணிப்பு.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழில் செல்லமாகத் தட்டுவதிலிருந்து பிரம்பால் விளாசுவது வரை எல்லாமே ‘அடி’தான். இந்த ஆய்வுகள் முக்கியமாகப் பேசுவதோ, காயம் படாத வகையில், விரித்த உள்ளங்கையால், பெரும்பாலும் பின்பக்கத்தில் கொடுக்கும் ஓரிரு அடியைப் பற்றித்தான். பெல்ட்டும் பிரம்பும் கெடுதல் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆகவே ‘எங்கள் அப்பா பெல்ட்டால் அடித்துத்தான் நான் ஆளானேன்’ என்று தொடங்குபவருக்கு இந்த விவாதத்தில் எந்தத் தரப்பிலும் இடமில்லை.

எதிர்ப்புத் தரப்பின் முதன்மையான பெயர் எலிசபெத் கெர்ஷாஃப். அதுவரை வெளிவந்திருந்த 88 ஆய்வுகளைத் திரட்டி 2002-இல் அவர் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார். முரட்டுத்தனம், மனநலம், பெற்றோருடனான உறவு என 11 விளைவுகளைப் பார்த்ததில், பத்தில் அடி கெடுதலோடு சேர்ந்தே காணப்பட்டது. நன்மை தெரிந்தது ஒன்றே ஒன்றில்: குழந்தை அந்த நேரத்துக்குப் பணிந்தது. 2016-இல் ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லருடன் சேர்ந்து அவர் செய்த இரண்டாம் தொகுப்பாய்வு, கடுமையான வன்முறையை விலக்கிவிட்டுச் சாதாரண அடியை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை உள்ளடக்கிய 75 ஆய்வுகள். 17 விளைவுகளில் 13-இல் கெடுதலோடு தெளிவான தொடர்பு. மீதி நான்கிலும் நன்மைக்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

மறு தரப்பில் முன்னால் நிற்பவர் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் லார்ஸெலெர். அவரை ‘அடி ஆதரவாளர்’ என்று ஒரே சொல்லில் முத்திரை குத்துவது சரியாகாது. அவர் வாதம் அதைவிட நுட்பமானது. காய்ச்சல் உள்ளவர்தான் மாத்திரை விழுங்குகிறார் என்பதால், மாத்திரை விழுங்கியவர்களையும் விழுங்காதவர்களையும் எண்ணிப் பார்த்து ‘மாத்திரைதான் காய்ச்சலைத் தருகிறது’ என்று முடிவுகட்ட முடியுமா என்பதே அவர் கேள்வி. அடங்காத குழந்தைதான் அதிகம் அடி வாங்குகிறது. பிறகு அதே குழந்தை அடங்காமல் இருந்தால், காரணம் அடியா, குழந்தையின் இயல்பா? இதே கணக்கீட்டு முறையைத் தன் அறைக்கு அனுப்பிவிடுதல், சலுகைகளைப் பறித்தல் போன்ற அடியில்லாத தண்டனைகளுக்குப் பயன்படுத்தினால் அவையும் கெடுதலாகவே தெரிகின்றன என்று 2010-இல் அவரும் சக ஆய்வாளர்களும் காட்டினர். கிறிஸ்டோபர் ஃபெர்குசன் 2013-இல் நீண்டகால ஆய்வுகளை மட்டும் தொகுத்து, குழந்தையின் முந்தைய நடத்தையைக் கணக்கில் சேர்த்தபோது, தொடர்பு முற்றிலும் மறையவில்லை என்றாலும் மிகச் சிறியதாகச் சுருங்கியது.

இந்த வாதத்துக்கு எதிர்த்தரப்பு தந்த பதில்களில் 2018-இல் வந்த ஒன்றை வலுவானதாக நான் கருதுகிறேன். கெர்ஷாஃபும் இரு சக ஆய்வாளர்களும் 12,112 அமெரிக்கக் குழந்தைகளின் தரவை எடுத்து, ஐந்து வயதில் அடி வாங்கிய ஒவ்வொரு குழந்தைக்கும் குடும்ப வருமானம், தாயின் கல்வி, குழந்தையின் அப்போதைய நடத்தை முதலிய முப்பதுக்கும் மேற்பட்ட கூறுகளில் ஒத்துப்போகும், ஆனால் அடி வாங்காத குழந்தைகளை இணை சேர்த்தனர். அப்படி இணை சேர்த்த பிறகும், அடி வாங்கியவர்களிடம் ஆறு வயதிலும் எட்டு வயதிலும் ஆசிரியர்கள் கூடுதலான அடங்காமையைக் கண்டனர். ‘அவன் முதலிலிருந்தே அப்படித்தான்’ என்ற சாக்கு இங்கே பெருமளவு அடிபட்டுப் போகிறது. பெருமளவு என்று சொல்லக் காரணம், அளக்கப்படாத கூறுகளை எந்த இணைப்பும் ஈடுகட்டாது. இதை லார்ஸெலெர் விடாமல் சொல்லி வருகிறார்.

இதுவரை பார்த்தது முதல் வகை ஒப்பீடு. லார்ஸெலெரும் பிரெட் கூனும் 2005-இல் செய்தது இரண்டாம் வகை. அடியையும் வேறு கண்டிப்பு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 26 ஆய்வுகளை அவர்கள் தொகுத்தனர். கடுமையான அடியும், எதற்கெடுத்தாலும் அடிப்பதும் எல்லா மாற்று முறைகளையும்விட மோசம் என்று வந்தது. சாதாரணமாக வீடுகளில் கொடுக்கும் அடி மற்ற முறைகளைவிட மேலும் இல்லை, கீழும் இல்லை. இரண்டு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தை லேசான கண்டிப்புக்கு மசிய மறுக்கும்போது மட்டும், கோபத்தில் கட்டுப்பாடு இழக்காமல் கொடுக்கும் அடி, பதின்மூன்று மாற்று முறைகளில் பத்தைவிடக் கூடுதலாக அடங்காமையைக் குறைத்தது. அடி ஆதரவாளர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டுவது இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான்.

ஆனால் அந்த வாக்கியத்தின் கனத்தைத் தாங்கிப் பிடிப்பவற்றில் முக்கியமானவை அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உளவியலாளர் மார்க் ராபர்ட்ஸ் 1980-களையொட்டி நடத்திய பரிசோதனைகள். கெர்ஷாஃபின் தொகுப்பில் ‘உடனடிப் பணிவு’ என்ற ஒரே நன்மைக்கு ஆதாரமான சில ஆய்வுகளிலும் இவை உண்டு. இரு தரப்பும் ஒரே கிணற்றில்தான் நீர் இறைக்கின்றன என்பதால் கிணற்றை எட்டிப் பார்ப்பது நல்லது.

அடங்காமைக்காக சிகிச்சை நாடி வந்த சிறு குழந்தைகள். ‘இந்தப் பொம்மையை அந்தப் பெட்டியில் போடு’ என்று தாய் சொல்கிறார். சில நொடிகள் பொறுக்கிறார். குழந்தை அசையாவிட்டால் ஒரு முறை எச்சரிக்கிறார். அதற்கும் அசையாவிட்டால் மூலையில் உள்ள நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார். இதுதான் டைம் அவுட். குழந்தை நாற்காலியை விட்டு இறங்கி ஓடினால் என்ன செய்வது என்பதுதான் ராபர்ட்ஸின் உண்மையான கேள்வி. 1990-இல் வெளியான ஆய்வில் அவரும் சக ஆய்வாளரும் 36 குழந்தைகளிடம் நான்கு வழிகளைச் சோதித்தனர்: பின்பக்கத்தில் அடி கொடுத்து மீண்டும் உட்கார வைப்பது, வாசலில் தடுப்பு வைத்த சிறிய அறையில் சுமார் ஒரு நிமிடம் விட்டுவிட்டு மீண்டும் உட்கார வைப்பது, நாற்காலியில் பிடித்து அழுத்திக்கொள்வது, எப்போது இறங்கலாம் என்பதைக் குழந்தையிடமே விட்டுவிடுவது. கடைசி இரண்டும் எடுபடவில்லை. முதல் இரண்டும் எடுபட்டன. அடிக்கும் தடுப்பு அறைக்கும் இடையே பலனில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. 1983-இல் இவ்விரண்டை மட்டும் ஒப்பிட்ட ஆய்வும் இதையே காட்டியிருந்தது.

லார்ஸெலெர் சொல்லும் பதின்மூன்றில் பத்து என்பது எண்ணிக்கையில் உண்மை. ஆனால் தாய்க்கு வேண்டியது பதின்மூன்று வழிகள் அல்ல, வேலை செய்யும் ஒரு வழி. அடிக்குச் சமமாக வேலை செய்யும் ஒரு வழி இருக்கும்போது, தோற்றுப்போகும் பத்து வழிகளைவிட அடி மேல் என்று நிறுவுவதால் அடிக்கு ஏது அவசியம்? மேலும் அங்கே அடியின் வேலை குழந்தையை நாற்காலியில் இருத்துவது மட்டுமே, தண்டனை நாற்காலிதான்.

இன்னொரு சிக்கல், அந்த ஆய்வுக்கூடத்து அடி வீட்டில் விழும் அடி அல்ல என்பது. டல்லாஸில் ஜார்ஜ் ஹோல்டனும் குழுவினரும் 33 தாய்மாருக்கு ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, மாலை நேரங்களில் வீட்டில் நடப்பதைப் பதிவுசெய்தனர். 2014-இல் வெளியான அந்த ஆய்வில் 41 அடிச் சம்பவங்கள் கிடைத்தன. தகராறு தொடங்கிச் சராசரியாக அரை நிமிடத்தில் கை ஓங்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை, பொறுமை, கடைசி வழி என்ற லார்ஸெலெரின் நிபந்தனைகளுக்கு அங்கே நேரமே இல்லை. பெரும்பாலானவை அற்பக் குற்றங்கள். அடி வாங்கியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பத்து நிமிடத்துக்குள் மீண்டும் ஏதோ ஒரு சேட்டையில் இறங்கிவிட்டார்கள். அந்த ‘உடனடிப் பணிவு’ கூட வீட்டில் பத்து நிமிடம் தாங்கவில்லை. தன்னைத் தாக்கிய குழந்தையை, ‘அம்மாவை அடிக்கக் கூடாது’ என்பதை நினைவில் வைக்கச் சொல்லி அடித்த தாய் ஒருவரும் அந்தப் பதிவில் இருக்கிறார். குடும்பங்கள் 33 மட்டுமே என்பதையும், பதிவாகிறது என்று தெரிந்தே அந்தத் தாய்மார் நடந்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். இரண்டாவது காரணத்தால் உண்மை நிலை இதைவிடப் பொறுமையானதாக இருக்க வாய்ப்பில்லை.

அடியை எதிர்ப்பவர்கள் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும் இடமும் ஒன்று உண்டு. வெறும் பேச்சும் விளக்கமும் போதும் என்பதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் குறைவு. நாற்காலியை விட்டு இறங்குவதைக் குழந்தையின் விருப்பத்துக்கு விட்ட வழி தோற்றது. முரண்டு பிடிக்கும் மூன்று வயதுக் குழந்தையிடம் காரணம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதும் பலிப்பதில்லை. பேச்சுக்குப் பின்னால், அடியில்லாத, ஆனால் தப்பாமல் வந்து சேரும் ஒரு விளைவு இருந்தால்தான் அடுத்த முறை பேச்சே போதுமானதாகிறது என்பதை லார்ஸெலெரின் பழைய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அவருடைய பங்களிப்பில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

‘எங்கள் ஊரில் எல்லாரும் அடிக்கிறார்கள், அதனால் குழந்தைக்கு அது உறைக்காது’ என்ற வாதமும் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஜெனிஃபர் லான்ஸ்ஃபோர்டும் குழுவினரும் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் 336 தாய்-குழந்தை இணைகளிடம் கேட்டு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அடி வழக்கமாக உள்ள சமூகங்களில் கெடுதலோடான தொடர்பு பலவீனப்பட்டது. ஆனால் அங்கும் அடி அதிகமானபோது முரட்டுத்தனமும் பதற்றமும் கூடுதலாகவே இருந்தன. வாதம் பாதி சரி, அவ்வளவுதான்.

அமைப்புகள் பெரும்பாலும் முடிவெடுத்துவிட்டன. சுவீடன் 1979-இலேயே பெற்றோர் அடிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-இலும் உளவியலாளர் சங்கம் 2019-இலும் அடிக்கு எதிராக அறிக்கை வெளியிட்டன. அமெரிக்க மாநிலங்களின் சட்டங்களோ பெற்றோரின் மிதமான அடியை இன்றும் அனுமதிக்கின்றன. இவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது சிகிச்சை நிலையங்களில் சத்தமில்லாமல் நடந்த மாற்றம். ஓரிகனில் கான்ஸ்டன்ஸ் ஹன்ஃப் வகுத்த பெற்றோர் பயிற்சி முறையின் வழிவந்ததுதான், பின்னர் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய பெற்றோர்-குழந்தை ஊடாட்டச் சிகிச்சை. நாற்காலியை விட்டு இறங்கும் குழந்தைக்கு அடி என்பது தொடக்க காலத்தில் அந்தச் சிகிச்சையின் கையேட்டிலேயே இருந்தது. பிற்காலத்தில் அந்த இடத்துக்கு டைம் அவுட் அறை வந்தது. நாற்காலி மட்டும் மூலையிலேயே இருக்கிறது.