லித்தாப்ஸ்: ஐந்து வருடத்துக்குப் பிறகும் தீராத நார்க்கழிவுத் தொல்லை

லித்தாப்ஸ் என்ற சதைப்பற்றுச் செடியின் விலை பாதியாக இறங்கிவிட்டது, ஒரு நாலைந்து வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். போனில் கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். ஐந்து வருடமாகக் கோவையில் மொட்டைமாடியில் வளர்ப்பவன் என்ற முறையில் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

கூழாங்கல் மாதிரி இரண்டே இலை, நடுவில் ஒரு பிளவு, அதெல்லாம் தெரிந்ததுதான். என் எரிச்சல் செடி மேல் இல்லை, அது வந்து சேரும் தேங்காய் நார்க்கழிவு மேல். வேரைச் சுற்றி நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி அடைத்து அனுப்புகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன் நார்க்கழிவைத் திட்டுவது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, தக்காளிக்கும் கீரைக்கும் மூட்டை மூட்டையாக நானே போடுகிறேன். ஆனால் தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் சரளைக்குள் புதைந்து கிடக்கிற செடிக்கு அது எப்படி ஆகும்? மேலே ஜல்லி காய்ந்து வெளுத்திருக்கும், உள்ளே அந்த உருண்டை மட்டும் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். முதலில் வாங்கிய ஒன்பதில் ஆறு அப்படித்தான் அழுகின.

இப்போது செடி வந்த அன்றே வேரைக் கழுவி, மூன்று நான்கு நாள் நிழலில் உலர்த்தி, அப்புறம்தான் நடுகிறேன். சலித்துத் தூளை நீக்கிய எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்), உடைத்த செங்கல், ஒரு கை செம்மண், அவ்வளவுதான். ஆணிவேர் நீளமாகப் போகும், அதனால் பத்துப் பன்னிரண்டு செ.மீ. ஆழமாவது உள்ள மண்தொட்டி வேண்டும். அழகுக்கு விற்கிற தட்டைப் பீங்கான் கிண்ணம், அதுவும் அடியில் ஓட்டை இல்லாதது, வேண்டவே வேண்டாம்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். மார்கழி, தையில் இலை மாற்றும் பாருங்கள், அதற்கு ஈடாக என் மாடியில் வேறெதுவும் இல்லை. பழைய இலையின் நீரையே குடித்துக்கொண்டு புது ஜோடி உள்ளிருந்து வரும், அதன் பிளவு பழைய பிளவுக்குக் குறுக்காக இருக்கும், பழையது சுருங்கிச் சருகாகிவிடும். அப்போது தண்ணீர் கூடாது. "வாடிக் கிடக்குதே, ஒரு சொட்டு விடேன்" என்று அம்மா வருடா வருடம் கேட்பார், வருடா வருடம் மறுப்பேன். போன ஐப்பசியில் ஒன்று மஞ்சளாகப் பூத்தது. செடியை மறைக்கும் அளவுக்குப் பெரிய பூ, மத்தியானம் விரிந்து சாயங்காலம் மூடும். ஒரு வாரம் தினமும் சாப்பாட்டுத் தட்டோடு மாடிக்குப் போனேன்.

அந்தச் செடிதான் இந்த மழையில் போனது. பிடுங்கிப் பார்த்தால் வேரின் நடுவே கட்டைவிரல் நுனி அளவு நார்க்கழிவு, பிழிந்தால் தண்ணீர் வருகிறது. ஐந்து வருடம் முன்பு, வேர் அறுந்துவிடுமோ என்று பயந்து விட்டுவைத்த மிச்சம்.

அதனால் என் பதில்: வாங்காதீர்கள். வேரில் நார்க்கழிவே இல்லாமல் யாராவது விற்றால் சொல்லுங்கள், முதலில் நானே வாங்குவேன்.

மீதி இரண்டையும் நேற்றே எடுத்துக் கழுவிவிட்டேன். ஒன்றில் பிளவு லேசாக விரிந்து, உள்ளே புது இலை தெரிகிறது.